தேடுபொறியை மாற்றினால் மட்டும் போதுமா? வீட்டுக் கணினிக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றர்கள்

நாக்பூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், வன்கொடுமை வழக்குகளில் தலித் மக்களுக்காகவும் அடக்குமுறைச் சட்டங்களில் சிக்கவைக்கப்பட்ட ஆதிவாசிகளுக்காகவும் பல்லாண்டுகள் வாதாடியவர். 2018 ஜூன் 6 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைதான முதல் ஐவரில் அவரும் ஒருவர். அவருடைய வன்தட்டின் நகலை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் ஓர் அதிர்ச்சியான முடிவைச் சொன்னது. நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் 20 மாதங்களுக்குமேல் அந்தக் கணினியை ஆட்டிப்படைத்திருந்தது. அவருக்கு எதிரான சான்றுகளாகக் காட்டப்பட்ட கோப்புகளில் குறைந்தது 14, வெளியிலிருந்து அதற்குள் வைக்கப்பட்டவை.

இதே வழக்கில் ரோனா வில்சனின் கணினி 2016 ஜூன் 13 அன்று வசப்படுத்தப்பட்டதாக அந்நிறுவனம் கண்டறிந்தது. தெரிந்தவர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஓர் இணைப்பை அவர் திறந்தார், அவ்வளவுதான் நடந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமியின் கணினியும் இப்படியே கைப்பற்றப்பட்டிருந்ததாக 2022 டிசம்பரில் வந்த அறிக்கை சொன்னது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே இறந்துபோயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. நீதிமன்ற விசாரணையில் இவை இனிமேல்தான் முழுமையாக எடைபோடப்பட வேண்டும். ஆயினும், ஒரு வீட்டுக் கணினி அதன் உரிமையாளருக்கு எதிராகவே சாட்சி சொல்லும் பொருளாக மாற்றப்பட முடியும் என்பதை இந்திய மக்கள் இயக்கங்கள் இந்த வழக்கின் வழியாகத்தான் கண்முன்னே கண்டன.

இந்தப் பின்னணியில்தான், செயற்பாட்டாளர்களிடமும் மாணவர்களிடமும் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை அணுக விரும்புகிறோம். 'கூகுள் எல்லாவற்றையும் கவனிக்கிறது, வேறு எந்தத் தேடுபொறிக்கு மாறலாம்?' என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டியது. முதற்கேள்வி, 'நம் கணினிக்குள் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?' என்பது. விசைப்பலகையில் விழும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவுசெய்யும் நிரல் உள்ளே இருக்குமானால், எந்தத் தேடுபொறியில் அந்த எழுத்துகள் விழுகின்றன என்பதில் ஒரு வேறுபாடும் இல்லை. அதைவிடக் கொடுமை, மாற்றுத் தேடுபொறியைத் தேடிப் போகும் வழியிலேயே பலர் அத்தகைய நிரலை வீட்டுக்குள் அழைத்துவந்துவிடுகிறார்கள்.

நம் கணினியில் இருப்பது நம்முடையது மட்டுமல்ல

'என்னிடம் மறைக்க எதுவுமில்லை' என்று பலர் சொல்வதுண்டு. ஒரு தலித் உரிமைச் செயற்பாட்டாளரின் மடிக்கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். முதல் தகவல் அறிக்கைகளின் நகல்கள், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியின் மருத்துவச் சான்று, ஆணவக்கொலை அச்சத்தில் ஊரைவிட்டு வந்த இணையரின் தற்போதைய முகவரி, ஆதிக்கச் சாதியினர் சூழ்ந்த ஊரில் உண்மையைச் சொல்ல முன்வந்த ஒரேயொரு சாட்சியின் தொலைபேசி எண். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பை உரிமையாக்கியது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க ஆணையிடும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வழங்கியது. நீதிமன்றம் மறைக்கும் முகவரி, நம் கணினியின் ஓட்டை வழியே வெளியேறினால் அந்தப் பிரிவுக்கு என்ன பொருள்?

மாணவர்களின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பட்டியல் சாதி மாணவரும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை ஏதோ ஒரு கணினியில் ஏற்றியே ஆக வேண்டும். அது வீட்டுக் கணினியாகவோ, பக்கத்து வீட்டு அண்ணனுடையதாகவோ, பிரவுசிங் சென்டரில் உள்ளதாகவோ இருக்கலாம். பதிவிறக்கக் கோப்புறையில் சான்றிதழ் அப்படியே கிடக்கும். வாட்ஸ்அப் இணைப்பு துண்டிக்கப்படாமல் திறந்திருக்கும். நகரத்தில் வாடகை வீடு தேடும்போதும், அலுவலகத்திலும் தம் சாதியை வெளிப்படுத்துவதா வேண்டாமா என்று தாமே முடிவுசெய்ய விரும்பும் ஒருவருக்கு, அந்த முடிவெடுக்கும் உரிமையே இங்கே பறிபோகிறது.

இதில் சட்டத்தின் துணையும் மெலிந்துவிட்டது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த தரவுப் பாதுகாப்பு வரைவும், 2019-ஆம் ஆண்டு மசோதாவும் சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் 'உணர்வுமிக்க தனிநபர் தரவு' என்னும் தனி வகைக்குள் வைத்துக் கூடுதல் காப்பு அளித்தன. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. சாதிச் சான்றிதழுக்கும் கைபேசி எண்ணுக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே எடை. அரசு தான் விரும்பும் முகமைகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழிவிடுகிறது. ஆகவே, நம்மை நாமே காத்துக்கொள்ளும் பொறுப்பு கூடியிருக்கிறது.

பார்ப்பவர் மூவர்

பாதுகாப்பு குறித்த குழப்பத்தில் பெரும்பகுதி, வெவ்வேறு ஆட்களை ஒருவராகக் கருதுவதால் வருவது. நம் தேடலைப் பார்க்கக்கூடியவர்களை மூவகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாமவர், தேடுபொறி நிறுவனமும் அதன் பின்னுள்ள விளம்பரச் சந்தையும். நாம் எதைத் தேடினோம், எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து, அடுத்து எதைச் சொடுக்கினோம் என்பவை அவர்களுடைய சரக்கு. இரண்டாமவர், கணினிக்குள்ளேயே குடியேறிய நிரல். இது தேடலை மட்டுமல்ல, கோப்புகளையும் கடவுச்சொற்களையும் திரையையும் பார்க்கும். நெட்வயர் போன்றவை புதிய கோப்பை உள்ளே வைக்கவும் வல்லவை. மூன்றாமவர், இணைப்பு வழங்கும் நிறுவனம், அதனிடம் தகவல் கேட்கும் அரசு, அதே கணினியில் நமக்குப் பின் அமரும் இன்னொருவர் ஆகியோர்.

தேடுபொறியை மாற்றுவது முதலாமவரிடமிருந்து மட்டுமே நம்மை விலக்கும். உலாவியின் மறைநிலைச் சாளரம், அடுத்து அமர்பவரின் கண்ணிலிருந்து தேடல் வரலாற்றை மறைக்கும். முதல் இருவரையும் அது தடுக்காது. மறைநிலையில் உலாவியவர்களின் தரவையும் திரட்டியதாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024 ஏப்ரலில் கூகுள் ஒப்புக்கொண்டது. விபிஎன் சேவை, இணைப்பு நிறுவனத்தின் பார்வையை எடுத்து விபிஎன் நிறுவனத்திடம் ஒப்படைக்கும், அவ்வளவே. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஆணையிட்டது. அதனால் சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து தம் வழங்கிகளையே அகற்றிக்கொண்டன.

தேடல் எதைச் சொல்லிவிடுகிறது?

தேடல் சொற்கள் தனித்தனியே பார்த்தால் அற்பமானவை. ஒன்றாகத் திரட்டினால் அவை ஒரு மனிதரின் உருவப்படம். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவுவதாக எண்ணி, ஏறத்தாழ 6.5 லட்சம் பயனர்களின் சுமார் 2 கோடித் தேடல்களைப் பெயர்களை நீக்கி வெளியிட்டது. பெயருக்குப் பதில் எண் இருந்தது. சில நாள்களிலேயே ஓர் எண்ணுக்கு உரியவரின் வீட்டு வாசலில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் நின்றார்கள். தேடிய ஊரும், குடும்பப் பெயரும், நோய்களும் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஊர்ப் பெயர், தெருப் பெயர், உதவித்தொகைத் திட்டத்தின் பெயர், வழிபடும் தெய்வம் ஆகியவற்றிலிருந்தே சாதியைக் கணித்துவிடும் நம் சமூகத்தில், இது எவ்வளவு எளிது என்று விளக்க வேண்டியதில்லை.

தேடுபொறி நம்மைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. உலகை நமக்குக் காட்டவும் செய்கிறது. கருப்பினச் சிறுமிகளைப் பற்றித் தேடியபோது ஆபாசப் பக்கங்களே முன்னே வந்ததை சஃபியா நோபிள் தம் 2018-ஆம் ஆண்டு நூலில் விரித்துக் காட்டினார். தேடல் முடிவுகளின் வரிசை ஒரு நடுநிலைக் கண்ணாடி அன்று. விளம்பர நலனும் பெரும்பான்மையின் பார்வையும் அதில் படிந்திருக்கின்றன என்பது அவர் வாதம். 2022 ஏப்ரலில் தலித் உரிமைச் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுள் ஊழியர்களிடையே சாதி குறித்து ஆற்றவிருந்த உரை, உள்ளிருந்து எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதை ஏற்பாடு செய்த மேலாளர் பதவி விலகினார். சாதியைப் பற்றிய ஓர் உரையைக் கேட்கத் தயங்கிய நிறுவனம்தான், சாதியைப் பற்றிய நம் கேள்விகளுக்கு எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

அந்த அதிகாரத்தின் அளவும் சிறிதன்று. இந்தியாவில் நடக்கும் தேடல்களில் 100-க்கு 95-க்கும் மேல் கூகுள் வழியாகவே நடக்கின்றன. கைபேசிகளிலும் உலாவிகளிலும் முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்கு 2021-இல் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டாலர் செலவிட்டது என்பது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்ததாக 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்குச் சலுகை காட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018-லேயே 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. மாற்றைத் தேட வேண்டும் என்ற உணர்வு, எனவே, முற்றிலும் சரியானது.

மாற்று என்ற முகமூடி

ஆனால் அந்த உணர்வையே தூண்டில் புழுவாக்கும் வணிகம் ஒன்று உண்டு. 2017 ஜூனில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் என்ற நிரலைப் பற்றி எச்சரித்தது. இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு கணினிக்குள் நுழையும் அந்நிரல், உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். புதிதாக வரும் 'தேடுபொறி' கேள்விகளை கூகுளுக்கோ யாகூவுக்கோ அனுப்பிவிட்டு, இடையில் பயனரைக் கண்காணிக்கும். வேண்டும்போது வேறு எந்த நிரலையும் இறக்கி இயக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. உலகெங்கும் 25 கோடிக் கணினிகள் பாதிக்கப்பட்டதாகவும், அவற்றில் 2.53 கோடி இந்தியாவில் என்றும் செக் பாயிண்ட் மதிப்பிட்டது. இந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவாயினும், அது இயங்கிய முறை இன்றும் மாறவில்லை.

சில வேளைகளில் ஒற்றன் கடையிலிருந்தே கணினியோடு வந்துவிடுகிறான். 2014 இறுதியில் விற்பனையான சில லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற நிரல் முன்னரே பதியப்பட்டிருந்தது. தேடல் முடிவுகளுக்கிடையே விளம்பரங்களைச் செருகுவதற்காக, பூட்டப்பட்ட இணைப்புகளையே அது இடைமறித்தது. வங்கிக் கணக்கைத் திறக்கும்போது உலாவியில் தெரியும் பூட்டுக் குறி அக்கணினிகளில் பொய்யாகிப்போனது.

காவலனே களவாடிய கதையும் உண்டு. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் புகழ்பெற்ற அவாஸ்ட், பயனர்கள் எங்கெங்கு உலாவினார்கள் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது. அதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. 20 லட்சம் பேருக்குமேல் பயன்படுத்திய 'கிரேட் சஸ்பெண்டர்' என்னும் குரோம் நீட்சி, அதை உருவாக்கியவரிடமிருந்து அடையாளம் தெரியாத ஒருவர் கைக்கு மாறிய பின், தீய நிரல் இருப்பதாக 2021 பிப்ரவரியில் கூகுளாலேயே முடக்கப்பட்டது. நேற்று நல்லதாக இருந்த நிரல் இன்றும் நல்லதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வாசலும் உண்டு. பழைய கணினியை வாங்கி, தெருமுனைக் கடையில் 'விண்டோஸ் போட்டுத் தருவது' வழக்கம். உரிமம் இல்லாத விண்டோஸ், அதைச் செயல்படுத்தும் 'கிராக்', அதற்காக அணைத்துவைக்கப்பட்ட பாதுகாப்பு மென்பொருள் ஆகிய மூன்றும் ஒன்றாகவே வரும். உளவு நிரல் எழுதுபவருக்கு இதைவிட வசதியான வரவேற்பு வேறில்லை. உரிமத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியாத குடும்பத்தைக் குற்றம் சொல்ல மாட்டோம். விலையில்லாத, திருட்டும் இல்லாத வழி இருப்பதை மட்டும் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் வீட்டைப் பெருக்குதல்

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கணினியைத் தூய்மை செய்தல், பிறகு உலாவி, அதற்கடுத்தே தேடுபொறி.

உலாவியின் முகப்புப் பக்கம் தானாக மாறுவது, திருத்திய தேடுபொறி மறுநாள் மீண்டும் பழையதாவது, நாம் நிறுவாத நீட்சிகள் தென்படுவது, வீட்டுக் கணினியாயிருந்தும் குரோம் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று காட்டுவது ஆகியவை ஐயத்துக்குரிய அடையாளங்கள். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலையும் உலாவியின் நீட்சிப் பட்டியலையும் திறந்து, இன்னதென்று தெரியாத ஒவ்வொன்றையும் நீக்க வேண்டும். உலாவியின் அமைப்புகளைத் தொடக்கநிலைக்கு மீட்க வேண்டும். விண்டோஸில் உள்ளமைந்த டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை, இயங்குதளம் எழுவதற்கு முன்பே ஆராய்வதால், இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களையும் பிடிக்கக்கூடும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத தனிக் கணக்கைப் பயன்படுத்தினால், தவறிச் சொடுக்கிய நிரல் முழுக் கணினியையும் கைப்பற்றுவது கடினமாகும். குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கணினியில் ஆளுக்கொரு கணக்கு வைப்பது எல்லாவற்றினும் எளிய காப்பு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. புதிய விண்டோஸை ஏற்க இயலாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களே தக்க வழி. அவற்றுக்கு உரிமக் கட்டணமும் இல்லை, கிராக்கும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு இது புதிதுமல்ல. சி.உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் அரசு அலுவலகங்களை லினக்ஸ் பக்கம் திருப்ப முயன்றார். உயர் பதவியிலும் சாதியின் பெயரால் அலைக்கழிக்கப்பட்ட அந்தத் தலித் அதிகாரியின் முயற்சி அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த மாணவர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை. பரணில் கிடக்கும் அத்தகைய கணினி, சரியான இயங்குதளத்தோடு இன்றும் ஒரு மாணவரின் தேடலுக்குப் பயன்படும்.

எந்தத் தேடுபொறி?

தூய்மையான கணினியில், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற கட்டற்ற உலாவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்க வேண்டும். தேடல் முடிவுகளின் மேலே வரும் விளம்பர இணைப்பிலிருந்து எந்த மென்பொருளையும் இறக்கக் கூடாது. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் விளம்பரம் வாங்கிப் போலித் தளங்களுக்கு இழுக்கும் மோசடியைப் பற்றி 2022 டிசம்பரில் எச்சரித்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்தவே மக்களுக்குப் பரிந்துரைத்தது. யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி அதற்கு ஏற்றது. குரோமின் புதிய விதிகளால் அதன் முழு வடிவம் அங்கே இயங்காது, ஃபயர்ஃபாக்ஸில் இயங்கும்.

இனித் தேடுபொறிகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முடிவுகள் யாருடைய பட்டியலிலிருந்து வருகின்றன? வருமானம் எங்கிருந்து வருகிறது? உரிமையாளர் யார்?

2008-இல் தொடங்கிய டக்டக்கோ, தேடலை நபரோடு இணைத்துச் சேமிப்பதில்லை என்று உறுதியளிக்கிறது. தேடிய சொல்லுக்கேற்ற விளம்பரத்தால் பிழைக்கிறது. அதன் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங் பட்டியலிலிருந்து வருபவை. அந்நிறுவனத்தின் உலாவி, மைக்ரோசாஃப்டின் சில கண்காணிப்பு நிரல்களைத் தடுக்காமல் விட்டிருந்தது 2022-இல் அம்பலமாகி, பின்னர்த் திருத்தப்பட்டது. 2020 ஜூலைத் தொடக்கத்தில் சில இந்திய இணைப்பு நிறுவனங்களில் டக்டக்கோ சில நாள்கள் திறக்கவேயில்லை. மாற்று வழியும் அடைக்கப்படக்கூடியது என்பதை அது நினைவூட்டியது.

நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நம் அடையாளத்தை நீக்கிவிட்டுக் கேள்வியை கூகுளிடம் கொண்டுசென்று விடையை வாங்கிவருகிறது. 2019-இல் சிஸ்டம்1 என்ற விளம்பர நிறுவனத்தின் முதலீடு அதில் நுழைந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2021-இல் வந்த பிரேவ் தேடல் தனக்கென்று ஒரு பட்டியலை உருவாக்கியிருக்கிறது. பிரிட்டனின் மோஜீக்கும் சொந்தப் பட்டியல் உடையதே. ஆனால் அது சிறியது. சியர்எக்ஸ்என்ஜி என்பது கட்டற்ற மென்பொருள். ஓர் அமைப்போ கல்லூரி மாணவர் குழுவோ தன் வழங்கியில் நிறுவிக்கொண்டு, பல தேடுபொறிகளின் விடைகளைத் திரட்டலாம். அதை நடத்துபவர் நம் தேடலைப் பார்க்க முடியும் என்பதால், நம்பிக்கைக்குரியவர் நடத்துவதையே பயன்படுத்த வேண்டும்.

இவற்றுக்கு மாறுவதற்கு எந்தக் கருவிப்பட்டையும் 'தேடல் உதவி' நிரலும் தேவையில்லை. உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று முன்னிருப்புத் தேடுபொறியை மாற்றினால் முடிந்தது. 'பாதுகாப்பான தேடலுக்கு இதை நிறுவுக' என்று எட்டிக்குதிக்கும் சாளரம் எதுவாயினும் மூடிவிடுவதே அறிவு. தமிழில் தேடும்போது கூகுளின் பட்டியலே பெரிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்றாடத் தேடலுக்கு ஒரு மாற்றுப் பொறியும், கிடைக்காத தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் கணக்கில் நுழையாமல் கூகுளும் என்று பிரித்துக்கொள்வதில் குற்றமில்லை. ஜிமெயில் திறந்திருக்கும் அதே உலாவியில் தேடாமலிருந்தாலே, தேடலுக்கும் நம் பெயருக்கும் இடையிலான முடிச்சு பெருமளவு தளரும்.

குறிவைக்கப்பட்டவர்களுக்கு

விளம்பர நிரலுக்கும் காட்லிங் கணினியில் கண்டறியப்பட்டது போன்ற நிரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது எவரையும் பிடிக்கும். பின்னது பெயர் குறித்து அனுப்பப்படுவது. 2019 ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒன்பது மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு உளவு நிரல் தாங்கிய மின்னஞ்சல்கள் வந்ததை ஆம்னஸ்டியும் சிட்டிசன் லேபும் 2020 ஜூனில் வெளிப்படுத்தின. அவர்களுள் பலர் பீமா கோரேகான் கைதிகளின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர்கள். அந்த அஞ்சல்கள் செய்தியாளர் அனுப்பியவை போலவும் நீதிமன்ற அழைப்பாணை போலவும் வேடமிட்டிருந்தன. எதிர்பாராத இணைப்பு ஒன்று தோழரின் முகவரியிலிருந்தே வந்தாலும், தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுவிட்டுத் திறப்பதே இங்கே முதன்மைக் காப்பு.

இத்தகைய ஐயம் எழுந்தால், மேலே சொன்ன தூய்மைப் பணியைச் செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். அழித்து மீண்டும் நிறுவிவிட்டால், ஒற்றனோடு சேர்ந்து அவன் விட்டுச்சென்ற தடயமும் போய்விடும். வில்சனின் கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை என்று வாதிட முடிந்ததே, வன்தட்டின் முழு நகல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கைக்கு வந்ததால்தான். கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தனியே வைத்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவி மையத்தையோ ஆம்னஸ்டியின் பாதுகாப்பு ஆய்வகத்தையோ நாட வேண்டும்.

காவல்துறை கருவியைக் கைப்பற்றினால், ஹேஷ் மதிப்பு என்னும் எண்குறியை அந்த இடத்திலேயே பதிவுசெய்து தருமாறு கேட்க வேண்டும். ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண்குறி மாறிவிடும். பின்னர் எதுவும் நுழைக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிக்கச் சொல்கிறது. சோதனையையும் கைப்பற்றலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. இவ்விரண்டையும் ஒவ்வொரு செயற்பாட்டாளரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

தனியொருவர் வேலையல்ல

தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தனிமனிதரின் சாமர்த்தியமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு குழுவில் பத்துப் பேரின் கணினிகள் தூய்மையாகவும் ஒருவருடையது ஒற்றனின் பிடியிலும் இருந்தால், பகிரப்பட்ட சாட்சிப் பட்டியல் அந்த ஒருவர் வழியாகவே வெளியேறும். சாதி ஒழிப்பு இயக்கங்கள் இரவுப் பள்ளிகளையும் படிப்பு வட்டங்களையும் நடத்திய மரபு நமக்குண்டு. மாதம் ஒருமுறை, சேரித் தெருவின் நூலகத்திலோ அம்பேத்கர் மன்றத்திலோ கணினிகளைக் கொண்டுவந்து, தெரிந்த மாணவர் தெரியாத பெரியவருக்கு நீட்சிப் பட்டியலைத் திறந்து காட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

கோரிக்கைகளும் நமக்கு உண்டு. சாதித் தரவுக்குச் சட்டத்தில் தனிக் காப்பு மீண்டும் வர வேண்டும். அரசு தரும் மடிக்கணினிகளில் கட்டற்ற இயங்குதளமும், அதைக் கையாளத் தமிழில் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்துக்காகச் சாதிச் சான்றிதழை எங்கோ ஒரு பொதுக் கணினியில் விட்டுவர வேண்டிய நிலை ஒழிய, ஒவ்வொரு கல்லூரியும் பாதுகாப்பான கணினி அறை ஒன்றையேனும் திறந்துவைக்க வேண்டும். இவை நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே உலாவியைத் திறந்து, நீட்சிப் பட்டியலில் நாம் அழைக்காத விருந்தாளி எவரேனும் அமர்ந்திருக்கிறாரா என்று பார்ப்போம். தேடுபொறியை அதன் பிறகு மாற்றுவோம்.